‘திசு வளர்ப்பு வாழை’ என்ற பெயரில் நோயை விற்கிறார்கள்: முன்பணம் கொடுக்குமுன் படியுங்கள்

வாழை நடப்போகிறவர்கள் கன்றுக்கு முன்பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். “ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புக் கன்றுகள், வாடல் நோயே அண்டாது” என்று உறுதி கூறி ஒரு நாற்று வியாபாரி எனக்குக் கேவண்டிஷ் ரக வாழைக் கன்றுகளை விற்றார். வந்தவை திசு வளர்ப்புக் கன்றுகளே அல்ல. நோய் கண்ட ஏதோ ஒரு தோட்டத்தில் தோண்டிய பக்கக்கன்றுகளின் கிழங்கைச் சீவி, பையில் ஊன்றித் தளிர்க்க வைத்திருக்கிறார்கள்.

நட்டபோது செழிப்பாகத்தான் நின்றன. வாடல் நோயை உண்டாக்கும் பூசணம் கிழங்குக்குள் இருந்தாலும் இளங்கன்று பச்சையாகவே தெரியும். ஏமாற்றுக்காரர்களுக்கு வசதியாக இருப்பது அதுதான். குலை தள்ளும் பருவம் நெருங்கியபோது அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கின. தண்டின் அடிப்பகுதி நெடுக்காக வெடித்தது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு வளையங்கள். பனாமா வாடல், அதிலும் கேவண்டிஷையும் தாக்கும் டிஆர்4 என்ற பூசண இனம் என்று ஆய்வகச் சோதனை உறுதி செய்தது.

வியாபாரியிடம் முறையிட்டபோது, தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு வேரில் ஊற்ற ஒரு மருந்து கொடுத்தார். பயனில்லை. வேர் வழியே ஏறி நீர் கடத்தும் குழாய்களை அடைத்துவிட்ட இந்தப் பூசணத்தைக் குணப்படுத்தும் மருந்து எங்குமே கிடையாது. அடுத்து அவர் சொன்ன யோசனையை என்னால் மன்னிக்கவே முடியவில்லை: “பட்ட மரங்களைப் பிடுங்கி வாய்க்கால் கரையில் போடுங்கள். அதே குழியில் வைக்க வேறு கன்று இலவசமாகத் தருகிறேன்.” அதைக் கேட்டிருந்தால், அந்த வாய்க்காலில் நீர் பாயும் அத்தனை நிலங்களுக்கும் நோய் போயிருக்கும்.

போலி உரத்தால் ஒரு போகம் போகும். இதில் போவது மண். இதன் வித்துகள் வாழையே இல்லாத நிலத்திலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் ரகம் கடந்த நூற்றாண்டின் நடுவில் ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து மறைந்தது இதே பூசணத்தின் வேறோர் இனத்தால்தான். அதற்கு மாற்றாக வந்த கேவண்டிஷை இப்போது டிஆர்4 தாக்குகிறது. 2019இல் இது உறுதியானதும் கொலம்பியா தேசிய அவசரநிலையையே அறிவித்தது.

வாங்குமுன் ஒரு பையைப் பிரித்து வேரை நீரில் அலசிப் பாருங்கள். வெட்டுத் தழும்புள்ள கிழங்குத் துண்டு இருந்தால் அது திசு வளர்ப்புக் கன்று அல்ல. எந்த ஆய்வகத்தில் வளர்ந்தது, தாய்மரத்துக்கு வைரஸ் சோதனை நடந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். இலைகள் குறுகி நுனியில் கொத்தாக நிற்கும் முடிக்கொத்து நோயின் வைரஸ் திசு வளர்ப்பிலும் கடந்து வரும். “வாடலே வராது” என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். சில தேர்வு ரகங்கள் ஓரளவு தாங்கும், அவ்வளவுதான். சுத்தமான திசு வளர்ப்புக் கன்றும் நோயுள்ள மண்ணில் வாடும்.

அறிகுறி தெரிந்தால் மரத்தைப் பிடுங்கி இழுத்துச் செல்லாதீர்கள். அந்த இடத்துக்கு வேலி கட்டி, நீர் வெளியே வழியாமல் மறித்து, வேளாண் துறைக்குத் தெரிவியுங்கள். மண்வெட்டியிலும் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிய மண்ணே போதும், நோய் பரவ. அந்த நிலத்துப் பக்கக்கன்றை உறவினர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இதே வியாபாரி இன்னும் பலருக்கு விற்றிருக்கிறார். பையில் கிழங்குத் துண்டோடு வந்த கன்றுகளை நட்டவர்கள், மரம் பச்சையாக நின்றாலும் இப்போதே வேளாண் அலுவலரை அழைத்துக் காட்டுங்கள்.