தூத்துக்குடியில் ஒரு ராத்திரி தங்கலாமா? தாராளமாகத் தங்கலாம்

திருச்செந்தூர் போகிறவர்களில் பாதிப்பேருக்குத் தூத்துக்குடி என்பது ஒரு ரயில்வே ஸ்டேஷன், அவ்வளவுதான். காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் இறங்க வேண்டியது, வாசலில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கார் பிடித்து நேரே முருகனிடம் போக வேண்டியது, திரும்பி வரும்போது டிரைவரிடம் சொல்லி ஏதாவது ஒரு பேக்கரியில் நிறுத்தி மக்ரூன் வாங்கிக்கொண்டு அதே ரயிலில் ஏற வேண்டியது. இதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் இந்த ஊர் சாப்பிட உட்காருவதே இருட்டிய பிறகுதான், அந்த நேரத்தில் நீங்கள் சைடு பெர்த்தில் படுத்துக் கிடக்கிறீர்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பீச்சுக்காக இங்கே வராதீர்கள். மெரினா மாதிரி, கோவளம் மாதிரி மணல், அலை, ஈரக் காலோடு போட்டோ என்று நினைத்து வந்தால் ஏமாற்றம்தான். மன்னார் வளைகுடாவில் தீவுகளும் பவளப்பாறைகளும் கரைக்குக் காவல் நிற்பதால், பல நாள் கடல் குளம் மாதிரி கிடக்கும். முத்துநகர் பீச், ரோச் பூங்கா எல்லாம் சாயங்காலம் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய் சுண்டல் தின்றுவிட்டு வர நல்ல இடங்கள், காற்றும் நன்றாக இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தீவுக்குப் படகில் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல் தேசியப் பூங்கா அது, 21 தீவுகள், அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. ஊருக்கு எதிரே இருக்கும் வான் தீவு கரைந்து கரைந்து சின்னத் துண்டாகி, அதைக் காப்பாற்றக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் பவளக்கல்லை வெட்டியெடுத்து வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் விற்றதற்கான கூலி.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

இந்த ஊரில் "நைட் கிளப்" என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பயப்பட வேண்டாம், அது புரோட்டாக் கடை. சாயங்காலம் கல்லு சூடாகி, ராத்திரி வெகுநேரம் வரை ஓடும். ரோட்டோரத்தில் மேசை, வாழை இலை, எவர்சில்வர் டம்ளர். எந்தக் கடை என்று கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு ஏரியாக்காரனும் தன் தெருக்கடையைத்தான் சொல்வான், எல்லோரும் சொல்வது உண்மையாகவும் இருக்கும். பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம். ஒன்று, மாஸ்டர் மாவை முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைத்திருக்கிறாரா, கேட்ட பிறகு போடுகிறாரா. கேட்ட பிறகு போடுகிற கடையில் நாலைந்து புரோட்டாவை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி, ரெண்டு கையாலும் பக்கவாட்டில் பட் பட்டென்று அடித்து அடுக்கைக் கலைப்பார்கள், அந்தச் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். ரெண்டாவது, சால்னா. கெட்டியாகக் குருமா மாதிரி இருந்தால் அது வேறு ஊர் சமாச்சாரம். இங்கே அது தண்ணியாக இருக்க வேண்டும், மேலே சிவப்பாக எண்ணெய் மிதக்க வேண்டும், இலையில் பிய்த்துப் போட்ட புரோட்டா மேல் ஊற்றினால் உடனே உள்ளே இறங்கிவிட வேண்டும். ஊற்றிய கையோடு சாப்பிடாமல் ஒரு நிமிஷம் ஊற விடுங்கள். ஓரம் மட்டும் மொறுமொறுப்பு மிச்சமிருக்கும், நடுவில் இலையிலிருந்து வழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பதத்தில் ஒரு கலக்கி (அரைவேக்காட்டில் எடுக்கும் முட்டை) சொல்லிவிட்டு, கோழியோ காடையோ வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்த புரோட்டாவும் கிடைக்கும். அதை ஒன்று தின்றால் போதும், ரெண்டாவது நம் வயசுக்கு ஆகாது.

மீன் விஷயத்தில் கொஞ்சம் கிழமை பார்க்க வேண்டும். கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கப் பரதவர்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தொழிலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு மதியமும் திங்கள் காலையும் "ஃப்ரெஷ் மீன்" என்று போர்டு வைத்தால் சிரித்துக்கொண்டு சாம்பார் கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு, அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன்தான், விலை ஏறிக் கிடக்கும். மற்ற நாளில் திரேஸ்புரம் கரைக்குப் போய்ப் பாருங்கள். சீலா, ஊளி, பாறை, விளைமீன், கணவாய், நண்டு என்று தரையில் கொட்டி ஏலம் விடுவார்கள். ஏலத்தில் நாம் வாங்க முடியாது, வாங்கினாலும் எங்கே சமைப்பது, வேடிக்கை பார்க்கத்தான். ஆனால் அன்றைக்கு என்ன நிறைய வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மத்தியானம் ஒரு மெஸ்ஸில் போய் அதையே கேட்பது எப்போதும் பலன் தரும். மெனுவில் இருப்பதைக் கேட்டால் மெனுவில் இருக்கும் ருசிதான் வரும். சாளை குழம்பு கிடைத்தால் விடாதீர்கள். முள்ளுக்குப் பயந்து வஞ்சிரம் கேட்பவர்களை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், ஆனால் பக்கத்தில் உட்கார மாட்டேன். அப்புறம், வஞ்சிரம் என்று கேட்காதீர்கள், அதற்கு இங்கே பெயர் சீலா.

மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, இந்த மூன்றே மூன்று. போர்ச்சுக்கீசியர் காலத்து வழியில் வந்தது என்பார்கள், அங்கே பாதாம், இங்கே முந்திரி. வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சீனியும் முந்திரிப் பொடியும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, அடுப்பின் தணிந்த சூட்டில் நெடுநேரம் வைத்துக் காயவிடுகிறார்கள். நல்ல மக்ரூன் கையில் எடுத்தால் கனமே இருக்காது, மேலே கடித்தால் நொறுங்கி நாக்கில் கரையும், அடியில் வரும்போது மட்டும் முந்திரி லேசாகப் பல்லில் ஒட்டும். அடிவரை வெறும் சீனி நுரையாக இருந்தால் முந்திரியில் கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தனலட்சுமி, கணேஷ், ஞானம் என்று ஊரில் ஆளுக்கொரு பேக்கரிக்குக் கட்சி உண்டு. என் ஓட்டு கணேஷுக்கு, அதற்காக யாரோடும் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்று மட்டும் கவனம்: இந்தக் கடல் காற்றில் ஈரம் பட்டால் மக்ரூன் பிசுபிசுத்துப் போய்விடும், காலையிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாதீர்கள். ரயிலுக்குக் கிளம்பும் முன் வாங்குங்கள், பாக்கெட்டைப் பிரித்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். முடிப்பது சிரமமில்லை.

குடிக்க என்றால், கோடைகாலத்தில் வந்தால் பதநீர். திருச்செந்தூர் ரோட்டோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றி, கேட்டால் நுங்கும் நறுக்கிப் போட்டுத் தருவார்கள். காலை சீக்கிரமே குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் புளிக்கும். மற்ற மாதங்களில் கருப்பட்டிக் காப்பி. உடன்குடி பக்கத்தில்தான் இருக்கிறது, ஆகவே நல்ல கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை, கலப்படத்துக்கும் பஞ்சமில்லை. கடித்தால் சீனி மாதிரி பளிச்சென்று இனித்தால் வாங்காதீர்கள், லேசாக ஒரு கரிப்பு இருக்க வேண்டும்.

தங்குவதற்கு: கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் டி.எஸ்.எஃப். கிராண்ட் பிளாசா, ஜி.ஆர்.டி.யின் ரீஜென்சி மாதிரி உள்ளவை இருக்கின்றன, துறைமுகத்துக்கு வேலையாக வருபவர்களை நம்பி நடப்பவை, ஆகவே சுத்தமாக, எந்த அலங்காரமும் இல்லாமல் இருக்கும். கடலைப் பார்த்த பால்கனி என்றெல்லாம் தேடாதீர்கள். பட்ஜெட் லாட்ஜ் எடுத்தால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் பாத்ரூம் குழாயைத் திறந்து ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். நான் தங்கிய ஒரு லாட்ஜில் (பெயர் வேண்டாம்) தண்ணீர் அப்படி ஓர் உப்பு, சோப்பு நுரைக்கவே இல்லை, தலைக்குக் குளித்தால் முடி தேங்காய் நாராக நின்றது. வாடகையில் மட்டும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் போட்டால் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நடந்தே வந்துவிடலாம், திருச்செந்தூருக்கு பஸ்ஸும் அங்கேயே.

பார்க்க என்ன இருக்கிறது என்றால், பனிமய மாதா கோயிலில் ஆரம்பியுங்கள். இப்போது இருக்கும் கோயில் 1713-இல் வந்தது, உள்ளே இருக்கும் மாதா சுரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். ஆகஸ்ட் 5 திருவிழா. தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடாது, கடைசியாக 2023-இல் இழுத்தார்கள். ஜூலை கடைசி வாரத்திலிருந்தே ஊரில் ரூம் கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து பீச் ரோட்டிலேயே வந்தால் டச்சுக்காரர்கள் 1750-இல் கட்டிய ஹோலி டிரினிட்டி சர்ச், சின்னது, பல பேர் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். பழைய துறைமுகப் பக்கம் தோணிகள் நிற்கும். மரத்தோணிதான், இன்னமும் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு போகின்றன. வ.உ.சி. 1906-இல் வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது இந்தக் கரையிலிருந்துதான். அவ்வளவு பெரிய விஷயம் நடந்த இடத்தில் நின்று பார்க்க உருப்படியாக ஒரு கப்பல் அருங்காட்சியகம் இருந்தால் எப்படி இருக்கும்.

உப்பளத்தை மட்டும் தவற விடாதீர்கள். முள்ளக்காடு பக்கம் ரோட்டிலிருந்தே தெரியும், பாத்தி பாத்தியாக வானம் கிடக்கும், நடுநடுவே உப்பு அம்பாரம். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகமாக உப்பு விளைவது இங்கேதான். காலை வெயில் ஏறுவதற்குள் போனால் ஆட்கள் நீளக் கம்பு மாட்டிய பலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஒதுக்குவதைப் பார்க்கலாம். கேட்காமல் கேமராவைத் தூக்கி அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். கூலிங் கிளாஸ் போட்டிருக்கும் நமக்கே கண் கூசும், அவர்கள் வெறுங்கண்ணோடு நாள் முழுக்க நிற்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் போனால் பாத்தியெல்லாம் வெறும் தண்ணீர்தான், உப்பும் இருக்காது ஆளும் இருக்காது.

ரெண்டாவது நாள் இருந்தால் அதை ஊருக்குள் செலவழிக்க வேண்டாம், மணப்பாடு போய்விடுங்கள். திருச்செந்தூர் தாண்டி, உடன்குடி பக்கம். மணல்மேட்டின் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை, அதற்குள் கடலை ஒட்டியே நல்ல தண்ணீர்க் கிணறு. தூத்துக்குடியில் இல்லை என்று நான் சொன்ன அலை, மணல் எல்லாம் இங்கே இருக்கிறது, அலைச்சறுக்குப் பழக வருகிறவர்களும் உண்டு. இருக்காதது சாப்பாட்டுக் கடை. ஒரு டீக்கடைக்கு மேல் எதிர்பார்க்காமல், திருச்செந்தூரிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு போங்கள். திரும்ப ராத்திரி ரயில் என்றால் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், திருச்செந்தூர் ரோடு லீவு நாளில் அசையாது, அப்புறம் மக்ரூனும் இல்லை, புரோட்டாவும் இல்லை.