ஐந்து ஐப்பசி பார்த்த மழைமானி: கரிசல் காட்டில் வானிலைச் செயலியை எதுவரை நம்பலாம்?

மதுரை மாவட்டம் திருமங்கலத்துக்குத் தெற்கே, தென்மேற்கே கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கக் கரிசலில் சோளம், பருத்தி, குதிரைவாலி, உளுந்து எல்லாம் பெரும்பாலும் மானாவாரிதான். அணைப் பாசனம் உள்ள மேலூர்க்காரர் அணையில் எத்தனை அடி என்று கேட்பார். இங்கே வானத்தைப் பார்க்க வேண்டும், இப்போது போனையும். புனல் மழைமானி, வயர்லெஸ் மழைமானி, வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, மாடல் (கணினி போடும் வானிலைக் கணக்கு) படம் காட்டும் செயலி, ராடார் படம் என்று ஐந்தையும் ஐந்து வடகிழக்குப் பருவம் கூடவே வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. டிராக்டருக்குச் சொல்லிவைக்க முன்னறிவிப்பு போதும். விதையைக் கொட்ட மழைமானியும் மண்வெட்டியும்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் விதை மண்ணுக்குப் போகும், முளை வராது.

மழைமானியைச் செய்துகொள்ள 300 ரூபாய் ஆகாது. 5 லிட்டர் கேன், எண்ணெய்ப் புனல், 6 அங்குல பிவிசி குழாயில் 10 செ.மீ. துண்டு, ஒட்டி அடைக்கக் கொஞ்சம் எம்சீல் பசை. வெறும் புனலை வைத்தால் போதாதா என்றால், போதாது. இடிமழையின் கனத்த துளி புனலின் சரிவில் பட்டுத் தெறித்து வெளியே போய்விடும். எந்த மழை முக்கியமோ அந்த மழையில்தான் அளவு குறையும். புனல் மேல் ஒட்டிய குழாய்த்துண்டு அந்தத் தெறிப்பைத் தடுக்கும். குழாயின் வாய் விளிம்பை வெளிப்பக்கம் அரத்தால் ராவிக் கூராக்குங்கள். தட்டையாக விட்டால் விளிம்பில் விழும் துளி உள்ளேயும் போகும், வெளியேயும் போகும்.

கணக்கு சுலபம். குழாயின் உள்விட்டத்தைச் செ.மீ.யில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, மறுபடி 0.0785-ஆல் பெருக்கினால் 1 மி.மீ. மழைக்கு எத்தனை மி.லி. தண்ணீர் சேரும் என்று வரும். உள்விட்டம் 15.2 செ.மீ. என்றால் 18 மி.லி. காலையில் கேனில் 450 மி.லி. இருந்தால் பெய்தது 25 மி.மீ. 5 லிட்டர் கேன் 270 மி.மீ. வரை தாங்கும், வழியாது. அளக்க 100 மி.லி. அளவுக் குவளை ஒன்று போதும். 1 மி.மீ. என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு சென்டுக்கு 40 லிட்டர், ஏக்கருக்கு 4,047 லிட்டர்.

வைக்கிற இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மொட்டை மாடி கூடாது. அங்கே காற்று துளியைத் தள்ளிக்கொண்டு போகும். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், மட்டம் பார்த்து இருக்க வேண்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். 15 மீட்டர் தென்னை என்றால் 30 மீட்டர். பக்கத்தில் உயரமான கம்பு நட்டால் மயில் வந்து உட்காரும், எச்சம் புனலுக்குள் விழும். இந்தப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை என்பதால் கம்பே வேண்டாம். கேனைப் பாதி மண்ணில் புதைத்து, மூன்று கல்லை அண்டக்கொடுங்கள்.

வாசிப்பு தினமும் காலை 8:30-க்கு. வானிலை மையம் ஒரு நாள் மழையை முந்தின நாள் 8:30 முதல் இன்று 8:30 வரை கணக்கிடுகிறது. நமது நேரம் மாறினால் அவர்கள் கணக்கோடு ஒப்பிட முடியாது. அளவோடு மழை தொடங்கிய நேரமும் விட்ட நேரமும் நோட்டில் ஏற வேண்டும். இது ஏன் என்று விதைப்பைப் பேசும்போது வரும்.

வயர்லெஸ் மழைமானியைப் பற்றி இரண்டு வார்த்தை. உள்ளே, பூங்காவில் ஏறி இறங்கும் சீசாப் பலகை மாதிரி ஒரு சின்ன வாளி. குறிப்பிட்ட அளவு நீர் சேர்ந்ததும் சாய்ந்து ஒரு எண்ணைக் கூட்டும். தூறலில் ஒழுங்காக ஓடுகிறது. கொட்டுகிற மழையில் வாளி சாய்ந்து திரும்புவதற்குள் வரும் நீர் கணக்கில் ஏறாது, ஆகவே குறைத்துக் காட்டும். ஊசித்துளை போட்ட பாட்டிலிலிருந்து 100 மி.லி. நீரை ஒரு மணி நேரம் சொட்டவிட்டு அளவைப் பாருங்கள்; பிறகு அதே 100 மி.லி.யை மடமடவென ஊற்றிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இதைவிடப் பெரிய தொல்லை குளவி. ஆவணி, புரட்டாசியில் மழையில்லாத நாட்களில் புனலின் அடித்துளை அதற்கு வசதியான பொந்து. ஈரமண்ணை உருட்டி வந்து பூசி அடைத்துவிடும். ஐப்பசியில் முதல் மழை கொட்டும், திரையில் பூஜ்யம் நிற்கும், புனலில் தண்ணீர் தளும்பும். எறும்பும் நூலாம்படையும் வாளியைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்வது தனி. இரவில் எழுந்து போகாமல் மழையளவு பார்க்கலாம் என்பதுதான் இதன் ஒரே லாபம். இரண்டில் ஒன்று என்றால் புனலும் கேனுமே.

இனி அறிக்கை. அதன் சொற்களுக்கு நிலையான பொருள் உண்டு. தெரியாமல் படித்தால் ஏமாற்றம்தான். 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியில் மழை பதிவாகும் நிலையங்கள் கால்வாசிக்குள்தான். 'கனமழை' என்பது ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. ஆக, 'மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்ற வரியில், முக்கால்வாசி இடங்களுக்கு அந்தக் கனமழை கிடையாது என்பதும் சேர்ந்தே இருக்கிறது. அது சோழவந்தானில் கொட்டிவிட்டுப் போனாலும் அறிக்கை சரிதான். கள்ளிக்குடியில் புழுதி பறக்கும், அதுவும் சரிதான். ஆரஞ்சு எச்சரிக்கை 'தயாராக இரு' என்கிறது, 'உன் காட்டில் பெய்யும்' என்று சொல்லவில்லை. பள்ளிக்கு லீவு விட்டால் வெயிலடிக்கும் என்ற கேலி பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தது. செயலி காட்டும் 60 விழுக்காடும் அப்படியே: மழை வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும், அளவைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

மாடல் படங்களைப் பார்க்க, அவை வரும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய மாடல் நமது காலை 5:30 மணித் தரவை வைத்துப் போடும் கணக்கு மதியவாக்கில்தான் செயலிக்கு வரும். காலை ஏழு மணியிலிருந்து பத்து முறை திறந்தாலும் பார்ப்பது பழைய கணக்கைத்தான். அது நிலத்தைப் பிரித்துக் கணக்கிடும் ஒரு கட்டம் சுமார் 9 கி.மீ.; சிறுமலை, நாகமலைப் பக்கம் திரண்டு ஒரு ஊரை நனைத்து அடுத்த ஊரை விட்டுவிடும் சாயங்கால இடிமழை அதைவிடச் சின்னது. புரட்டாசியில் அந்த மழைக்கு எந்த மாடலையும் நம்பி ஒரு வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஐப்பசி பாதிக்கு மேல், கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போதுதான் மாடலுக்கு மதிப்பு.

அப்போது மழைப் படத்தைவிடக் காற்றுப் படம் அதிகம் சொல்லும். உயரத்தை 850 ஹெச்பிஏ, அதாவது சுமார் ஒன்றரை கிலோமீட்டர், என்று மாற்றி மதுரை மேல் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். தாழ்வின் மையம் குமரிக்கடல், மன்னார் வளைகுடா வழியாக நகர்ந்தால் கிழக்குக் காற்று ஈரத்தோடு வரும். மையம் நாகைக்கு வடக்கே ஏறினால் நமக்கு மேற்கு, வடமேற்குக் காற்று. மலையிறங்கி வரும் வறண்ட காற்று. சென்னை மிதக்கும், இங்கே பனி பெய்யும். ஐரோப்பிய மாடலும் அமெரிக்க மாடலும் மையத்தை 200 கி.மீ. தள்ளித் தள்ளிக் காட்டுகிற வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இந்த விதியும் கவிழும். 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கடக்கும் என்று தென்மாவட்டங்களுக்கு விடுமுறை விட்டார்கள். ராமநாதபுரக் கரையோரம் நகராமல் நின்று அங்கேயே வலுவிழந்தது. சிதம்பரம், கொள்ளிடம் பக்கம் ஒரே நாளில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயலின் மையம் ஓரிடம், மழைமேகம் வேறிடம். 2023 டிசம்பர் 17, 18-இல் இதற்கு நேர்மாறு: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மாநிலத்துக்கு வடகிழக்குப் பருவம் மூன்று மாதம் முழுக்கச் சராசரியாகக் கிடைக்க வேண்டியதே சுமார் 44 செ.மீ.தான். காயல்பட்டினம் மதுரைக்கு நேர் தெற்கே 150 கி.மீ. இன்னொரு கோடியில் 2016. பருவமழையே 62 விழுக்காடு குறைந்துபோனது.

ராடார் படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காரைக்கால் ராடார் 200 கி.மீ.க்கு அப்பால். பூமியின் வளைவால் அதன் தாழ்ந்த கதிரே மதுரைக்கு மேல் நாலு கிலோமீட்டருக்கும் உயரத்தில் போகிறது. உயரமாக எழும்பிய இடிமேகம் தெரியும். தாழ்ந்த மேகத்திலிருந்து வரும் அடைமழை படத்தில் வெறுமையாகக் கிடக்கும். கொச்சி ராடாரும் அதே தூரம், நடுவில் மலை வேறு. படம் சுத்தமாக இருக்கிறதே என்று களத்தில் காயும் உளுந்தை மூடாமல் விடாதீர்கள்.

விதைப்புக்கு வருவோம். கரிசலில் 25 மி.மீ. நின்று பெய்தால் சுமார் 12 செ.மீ. ஆழம் நனையும். உசிலம்பட்டிப் பக்கச் செவலில் (செம்மண்ணில்) அதே மழை 20 செ.மீ. இறங்கும். ஆனால் அந்த 25 மி.மீ. இருபது நிமிடத்தில் அடித்தால் பாதி ஓடைக்குப் போய்விடும். நோட்டில் நேரம் குறிப்பது இதற்காகத்தான். வெடிப்பு விட்ட கரிசலில் முதல் மழை வெடிப்பு வழியே கீழே இறங்கி, மேல்மண் பாதி நனைந்தும் பாதி நனையாமலும் இருக்கும். ஆகவே மானி 25 காட்டினாலும் மண்வெட்டியால் காட்டில் நாலு இடத்தில் 15 செ.மீ. குழி வெட்டுங்கள். குழிச்சுவரில் கறுப்பு ஈரம் எங்கே முடிந்து சாம்பல் நிற வறண்ட மண் எங்கே தொடங்குகிறது என்பது கோடு கிழித்தது போலத் தெரியும். அந்தக் கோட்டுக்கு மேல் உள்ள மண்ணை ஒரு பிடி பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் அப்பக் கூடாது. அதுதான் பதம்.

மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பவர்களுக்கு ஆழம்தான் காப்பு. சோளமும் பருத்தியும் 5 செ.மீ. ஆழத்தில் விழ வேண்டும். 8 மி.மீ. தூறல் அதுவரை இறங்காது. விதை உறங்கியே கிடக்கும். இரண்டு செ.மீ.யில் மேலாகப் போட்ட விதை அந்தத் தூறலிலேயே ஊறி, முளை கிளம்பி, அடுத்த நாலு நாள் வெயிலில் கருகும். ஏமாற்றுகிற சின்ன மழைதான் மழையே இல்லாததைவிட மோசம். சோள விதையை வறட்சி தாங்கும்படி கடினப்படுத்த, லிட்டருக்கு 20 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில் 6 மணி நேரம் ஊறவைத்து, பழைய எடைக்கு வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் கெட்டது. குதிரைவாலி விதை பொடி என்பதால் ஆழம் தாங்காது. அதைப் புழுதியில் போட்டுவிட்டுச் செயலியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மானி சொன்ன பிறகுதான்.

இரண்டு மூன்று மழையைக் கூட்டும்போது ஆவியானதைக் கழியுங்கள்: ஐப்பசி வெயிலில் நாளுக்கு 4 மி.மீ. திங்கட்கிழமை 12, வியாழக்கிழமை 14 பெய்தால் கூட்டுத்தொகை 26. மண்ணில் இருப்பது 14 அளவுக்குத்தான்.

மருந்தடிப்புக்கு முந்தின நாள் முன்னறிவிப்பு ஓரளவு போதும். அடித்தபின் 4 முதல் 6 மணி நேரம் மழை விழாமல் இருந்தால் சரி, ஆகவே காலையிலேயே முடித்துவிடுங்கள். நம் பக்கத்து இடி பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான்.

பருவம் முடிந்து தை பிறந்ததும் வயர்லெஸ் பெட்டியின் பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து முனையைத் தின்றுவிடும். கேன் சித்திரை வெயிலில் மொறுமொறுவென்று வெடிக்கும். வெள்ளைப் பெயின்ட் ஒரு கை அடித்து இடத்திலேயே விட்டுவைத்தால், கோடை உழவுக்கு வரும் மழையையும் அளக்கலாம். புனல் துளையில் மட்டும் கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுங்கள், குளவி பார்த்துக்கொண்டே இருக்கும்.