கறுப்புக் குதிரை என்று சொல்லி நரைக்கும் குட்டியை விற்கிறார்கள், உஷார்!

பெங்களூரில் குதிரை வாங்கும் யோசனையில் இருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கறுப்பு என்று சொல்லி எங்களுக்கு விற்கப்பட்ட பெண் குட்டி இன்று முகமெல்லாம் நரைத்து நிற்கிறது. இன்னும் சில வருஷத்தில் உடம்பு முழுக்க வெளுத்துவிடும். விற்ற தரகருக்கு இது முன்பே தெரியும். மறைத்துத்தான் விற்றார்.

என் அண்ணன் ஏலகங்காவுக்கு அப்பால் சின்னதாக ஒரு லாயம் வைத்திருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் வண்டி விடுவதுதான் முக்கிய வருமானம். எங்களிடம் ஏற்கெனவே ஒரு கறுப்புக் குதிரை உண்டு. அதற்கு ஜோடி சேர்க்கத்தான் இன்னொரு கறுப்பைத் தேடினோம். கறுப்பு ஜோடி பூட்டிய சாரட்டுக்கு வாடகையே தனி. குட்டியாக வாங்கினால் கொஞ்சம் விலை குறையும், வண்டிக்குப் பழக்கவும் வசதி. அதனால் ஒரு வயது தாண்டிய மார்வாரி இனக் குட்டி ஒன்றைப் பேசி முடித்தோம். மகாராஷ்டிராவில் டிசம்பரில் கூடும் சாரங்கேடா சந்தையில் எடுத்து வந்ததாகத் தரகர் சொன்னார். நம் தமிழ் ஆள்தான்.

நாங்கள் எங்கள் தேவையைத் தெளிவாகவே சொல்லியிருந்தோம். கறுப்பு ஜோடிக்குத்தான், நிறம் மாறினால் எங்களுக்கு உதவாது என்று அண்ணன் இரண்டு முறை கேட்டார். தரகர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பினார்: “அண்ணா, தாயும் கறுப்பு, தகப்பனும் கறுப்பு. நூறு வருஷம் ஆனாலும் இந்தக் கலர் மாறாது.” தகப்பன் என்று ஒரு பளபளப்பான கறுப்புக் குதிரையின் படமும் வந்தது. பில்லில் நிறம் கறுப்பு என்றே எழுதி, அந்த நிறத்துக்காக எழுபதாயிரம் கூடுதலாகவும் வாங்கிக்கொண்டார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் லாயத்துப் பெரியவர். பல வருஷம் ரேஸ் குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ் வேலை பார்த்தவர், சொந்த ஊர் ஆம்பூர் பக்கம். ஒருநாள் குட்டியின் முகத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு வெள்ளைத் துண்டைக் காட்டினார். கண்ணைச் சுற்றித் துடைத்த இடத்தில் துண்டில் கறுப்புச் சாயம் இறங்கியிருந்தது. தலைக்கு அடிக்கும் டையின் வாடை லேசாக வந்தது. குட்டியின் கண்ணைச் சுற்றி, மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல வெள்ளை முடி வளையம். “தம்பி, இது கறுப்பு இல்ல. இது நரைக்கிற குதிர. வாலுக்கு அடியிலயும் பாருங்க” என்றார். வாலின் அடியிலும் வெள்ளை முடி எட்டிப் பார்த்தது. மற்ற இடங்களில் துடைத்த துணியில் எதுவும் ஒட்டவில்லை. எங்கே நரை தெரியுமோ அங்கே மட்டும் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றால், பூசியவருக்கு இது எப்படிப்பட்ட குதிரை என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

அன்றே தரகருக்குப் போன் போட்டோம். வெயிலில் வெளுத்திருக்கும், மழைக்காலம் வந்தால் கறுத்துவிடும் என்றார். கறுப்புக் குதிரை வெயிலில் வெளுப்பது உண்மைதான். ஆனால் அப்போது முடி நுனிதான் செம்பட்டையாகும், வேர் கறுப்பாகவே இருக்கும். எங்கள் குட்டிக்கோ ஒவ்வொரு வெள்ளை முடியும் வேரிலிருந்தே வெள்ளை.

சில வாரம் கழித்துக் கேட்டபோது பேச்சு மாறியது. அது ரோன், ராஜ வம்சத்து நிறம், இதற்கு மேல் மாறாது என்றார். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். ரோன் குதிரைக்கும் உடம்பு முழுக்க வெள்ளை முடி கலந்திருக்கும். ஆனால் அதன் தலையும் கால்களின் கீழ்ப்பகுதியும் அடர்ந்த நிறத்திலேயே நிற்கும். அடிபட்டு ஆறிய இடத்தில் முடி கறுப்பாகவே முளைக்கும். பருவத்துக்குப் பருவம் சற்றுக் கூடிக் குறைந்து தெரியுமே தவிர, வருஷா வருஷம் வெளுத்துக்கொண்டே போகாது. நரைக்கும் குதிரை இதற்கு நேர் எதிர். முதலில் வெளுப்பதே முகம்தான். கண், மூக்கு என்று ஆரம்பித்து உடம்புக்குப் பரவும். நடுவில் சில வருஷம் உடம்பில் வட்ட வட்டமாகத் திட்டுகள் தெரியும், பார்க்கவும் அழகாக இருக்கும். கால்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வெளுக்கும். சில குதிரைகளுக்கு முழுக்க வெளுத்த பிறகு சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் வரும். முடிதான் நரைக்கும், தோல் கறுப்பாகவே இருக்கும். ஆகவே வெள்ளை முகத்தோடு கறுத்த காலோடு ஒரு குதிரையைக் காட்டி ரோன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாயும் தகப்பனும் கறுப்பு என்ற பேச்சும் நிற்காது. நரைக்கும் தன்மை ஓங்கு பண்பு, அதாவது மரபணுவின் ஒரு பிரதி வந்தாலே வெளியில் தெரியும். எஸ்.டி.எக்ஸ்.17 என்ற மரபணுவில் ஒரு துண்டு இரட்டித்திருப்பதே காரணம் என்று 2008லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பெற்றோரில் ஒன்றிடமாவது அது இருந்தால்தான் குட்டிக்கு வரும். ஒன்றிடம் ஒரு பிரதி மட்டும் இருந்தால்கூட, பிறக்கும் குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்பு உண்டு. வயது முதிர்ந்த பிறகும் கறுப்பாகவே நிற்கும் இரண்டு குதிரைகளுக்கு நரைக்கும் குட்டி பிறக்காது. அதே சந்தையில் குதிரை எடுத்த கோலார் நண்பர் ஒருவர் மூலமாக விசாரித்தோம். குட்டியின் உண்மையான தகப்பன் படம் வந்தது. முழு வெள்ளை! தரகர் காட்டிய கறுப்புக் குதிரை யாருடையதோ.

குட்டி கரிக்கறுப்பாக இருப்பதாலேயே ஏமாந்துவிடாதீர்கள். வளர்ந்த பிறகும் கறுப்பாக நிற்கப்போகும் குட்டி பெரும்பாலும் பிறக்கும்போது மங்கலான எலிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். பிறந்த அன்றே மினுமினுவென்று கரிக்கறுப்பாக இருந்தால்தான் தாய் தகப்பனை விசாரிக்க வேண்டும். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் ஆடும் லிப்பிசானர் வெள்ளைக் குதிரைகள் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்தவைதான். வெளுத்து முடிய 6 முதல் 10 வயதுவரை ஆகும்.

வெள்ளைக் குதிரை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. நுக்ரா, அதாவது பிறவியிலேயே வெள்ளை என்று சொல்லி விற்றால் மூக்கையும் வாலடியையும் பாருங்கள். நுக்ராவுக்குத் தோல் இளஞ்சிவப்பு. தோல் கறுப்பாக இருந்தால் அது நரைத்து வெளுத்த குதிரை.

சாயம் பூசி விற்பதும் புதிதில்லை. 2022ல் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் ஒருவர் 22 லட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய கறுப்பு மார்வாரி, குளிப்பாட்டியதும் பழுப்பாகிப்போன செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். அதனால் பார்க்கப் போகும்போது ஒரு வெள்ளைத் துணியும் வெந்நீரும் கொண்டு போங்கள். கண்ணைச் சுற்றி, மூக்கு, நெற்றி, வாலடி, இவ்வளவையும் நன்றாக அழுத்தித் துடையுங்கள். விற்பவர் தடுத்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். வேரோடு பிடுங்கிய பிடரி முடி கொஞ்சம் அனுப்பினால் நரைக்கும் மரபணு இருக்கிறதா என்று சொல்லும் ஆய்வகங்களும் உண்டு. பெரிய தொகை கொடுப்பவர்கள் அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

அண்ணனுக்குப் பண நஷ்டத்தைவிடக் கோபம் இன்னொன்றில். 15 வயதைத் தாண்டிய நரைக்கும் குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு மெலனோமா என்ற தோல் கட்டிகள் வருகின்றன. வாலடி, ஆசனவாய், உதடு, தாடைக்குப் பின்புறம் ஆகியவை அடிக்கடி வரும் இடங்கள். பல கட்டிகள் மெதுவாகத்தான் வளரும், சில உள்ளே பரவும். வாங்குபவர் இதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த இடங்களைச் சின்ன வயதிலிருந்தே தடவிப் பார்த்துப் பழக்குவார், டாக்டரிடமும் சொல்லி வைப்பார். நிறத்தை மறைத்தவர் இதையும் சேர்த்துத்தான் மறைத்தார். குட்டிமீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல குணம், கூப்பிட்டால் ஓடி வருகிறாள். அவள் எங்களோடுதான் இருப்பாள்.

தரகர் இப்போது போனை எடுப்பதில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 1930ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15வது பிரிவு, விற்கப்படும் கால்நடைக்கும் அது பொருந்தும் என்கிறார் வக்கீல். சாயம் பூசி விற்றதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318வது பிரிவின் கீழ் மோசடிப் புகாரும் தயார். குரல் பதிவு, பில், சாயம் இறங்கிய துண்டின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

அதே சந்தை சரக்கில் இன்னும் சில கறுப்புக் குட்டிகள் ஓசூர், தேவனஹள்ளி பக்கம் போனதாகக் கேள்வி. வாங்கியவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே துடைத்துப் பாருங்கள். சாயம் இறங்கினால் வீடியோ எடுத்து, அப்புறம் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள். தனித்தனியாக அலைவதைவிடச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.