'4கே ப்ளேயர்' என்று சொல்லி சாதா ப்ளூ-ரே ப்ளேயரைத் தலையில் கட்டுகிறார்கள், உஷார்

அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேவுக்கு, அதாவது 4கே (3840 × 2160 புள்ளி) படம் உள்ள டிஸ்க்குகளுக்கு, மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு விற்பனை எப்படிப் போனது என்று முதலில் பாருங்கள். பில்லில் '4கே ப்ளூ-ரே ப்ளேயர்' என்று எழுதியாகிவிட்டது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, டிவியில் மாட்டி, ஒரு படத்தையும் ஓட்டிக் காட்டுகிறார். டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் திரையின் மூலையில் 3840 × 2160 என்று வருகிறது. வாங்குபவருக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்து, கூடவே வாங்கிய அல்ட்ரா எச்டி டிஸ்க்கைப் போடுகிறார். ட்ரே உள்ளே போகிறது, டிஸ்க் சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது, கடைசியில் 'இந்த டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை'. கடையில் கேட்டால் முதல் பதில், "டிஸ்க்லதான் கோளாறு." வேறு டிஸ்க்கும் ஓடவில்லை என்றதும், "அப்டேட் போட்டா சரியாயிடும்." அதுவும் நடக்காதபோது, "டிவியில 4கேன்னுதானே காட்டுது, அப்புறம் என்ன?" பெட்டி பிரித்த சாமான் என்பதால் பணம் திரும்பவில்லை. பெட்டியின் பின்பக்கம், மின் அளவுகள் போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது '4கே அப்ஸ்கேலிங்'.

டிவி காட்டிய எண் பொய்யில்லை, அதுதான் இதில் உள்ள சூட்சுமம். சாதா ப்ளூ-ரே படம் 1920 × 1080. அப்ஸ்கேலிங் ப்ளேயர் அதை உள்ளேயே நான்கு மடங்காக ஊதி 3840 × 2160 சிக்னலாக அனுப்புகிறது. டிவி தனக்கு வந்த சிக்னலின் அளவைத்தான் சொல்லும், டிஸ்க்கில் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. 720 × 480 டிவிடியைப் போட்டாலும் அதே எண்தான் வரும். அங்கே 24 புள்ளிக்கு ஒன்றுதான் டிஸ்க்கிலிருந்து வந்தது, மீதி 23-ம் ப்ளேயர் கணக்குப் போட்டு நிரப்பியது.

'அப்டேட் போட்டா சரியாயிடும்' என்பதை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். சாதா ப்ளூ-ரேயில் ஓர் அடுக்குக்கு 25 ஜிபி. அல்ட்ரா எச்டி டிஸ்க்குகள் 50, 66, 100 ஜிபி என்று மூன்று வகை. 66 ஜிபி இரண்டு அடுக்கு, 100 ஜிபி மூன்று அடுக்கு, அதாவது ஓர் அடுக்குக்கு ஏறத்தாழ 33 ஜிபி. இவ்வளவு நெருக்கி எழுதியதைப் பழைய ப்ளேயரின் லேசர் பகுதியால் படிக்க முடியாது. 50 ஜிபி டிஸ்க்காக இருந்து ஒருவேளை படித்துவிட்டாலும் பயனில்லை. படம் எச்இவிசி முறையில் சுருக்கப்பட்டு, ஏஏசிஎஸ் 2.0 என்ற நகல் தடுப்புப் பூட்டு போடப்பட்டிருக்கும். அந்தச் சாவி சாதா ப்ளேயருக்குக் கொடுக்கப்படுவதே இல்லை. உறுப்பே வேறு என்கிறபோது மென்பொருளை மாற்றி என்ன ஆகப்போகிறது?

பிறகு எதைப் பார்த்து வாங்குவது? ப்ளேயரின் முகப்பில் 'அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே' என்ற முத்திரை இருக்க வேண்டும். '4கே' என்ற எழுத்தோ, '4கே அப்ஸ்கேல்' என்பதோ, வெறும் 'அல்ட்ரா எச்டி' என்பதோ போதாது, மூன்று சொல்லும் சேர்ந்தே இருக்க வேண்டும். கையேட்டில் 'ஓடக்கூடிய டிஸ்க்குகள்' என்றொரு பட்டியல் இருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள். கடையில் ஓட்டிக் காட்டச் சொன்னால் உங்கள் கையிலிருக்கும் அல்ட்ரா எச்டி டிஸ்க்கைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். படம் ஓடும்போது ப்ளேயரின் சொந்த ரிமோட்டில் இன்ஃபோ அல்லது டிஸ்ப்ளே பட்டனை அழுத்தினால் பல மாடல்களில் கோடெக் (படத்தைச் சுருக்கிய முறை), எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) வகை, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதெல்லாம் வரும். கோடெக் என்ற இடத்தில் எச்இவிசி என்று இருந்தால் சரி. ஏவிசி என்று இருந்தால் ஓடுவது 1080 டிஸ்க். பில்லில் மாடல் எண்ணோடு 'அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே டிஸ்க் ஓடும்' என்று கையால் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்காமல் வருவதே மேல்.

கேம் கன்சோல் வாங்கி இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. ப்ளேஸ்டேஷன் 4 ப்ரோ 4கே கன்சோல் என்றுதான் விற்கப்பட்டது, ஆனால் அல்ட்ரா எச்டி டிஸ்க் அதில் ஓடாது. டிஸ்க் ட்ரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரிஸ் எக்ஸ், ப்ளேஸ்டேஷன் 5 ஆகியவற்றில் ஓடும். சீரிஸ் எஸ்-இல் ட்ரைவே கிடையாது. ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோவுக்கு ட்ரைவைத் தனியாக வாங்க வேண்டும். ப்ளேஸ்டேஷன் 5-இல் டிஸ்க்கிலிருந்து டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை வராது, எச்டிஆர்10 மட்டுமே. பழைய ஆடியோ சிடிக்களையும் அது ஓட்டாது, சிடி சேகரிப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க.

அடுத்த ஏமாற்று டிஸ்க் உறையில். சோனி 2013-இல் 'மாஸ்டர்டு இன் 4கே' என்று ஒரு வரிசை வெளியிட்டது. அவை 1080 ப்ளூ-ரேக்கள்தான், மூலப் பிரதியைத் தயாரித்த விதத்தைத்தான் அந்த வாசகம் சொன்னது. 'புதிய 4கே ரெஸ்டோரேஷன்' என்று போட்டு வரும் ஏராளமான டிஸ்க்குகளும் அப்படியே. அதில் தவறொன்றுமில்லை, நல்ல டிஸ்க்குகள் அவை. தவறு, மறுவிற்பனையில் அந்த வாசகத்தை மட்டும் தலைப்பில் போட்டு அல்ட்ரா எச்டி விலைக்கு விற்பதில். அல்ட்ரா எச்டி டிஸ்க் பெரும்பாலும் கறுப்பு உறையில் வரும், சாதா ப்ளூ-ரே நீல உறையில். ஆனால் உறையை மட்டும் நம்பிவிட வேண்டாம். பல வெளியீடுகளில் ஒரே பெட்டிக்குள் அல்ட்ரா எச்டி டிஸ்க் ஒன்றும் சாதா ப்ளூ-ரே ஒன்றும் இருக்கும். பழைய டிஸ்க் விற்பவர்களில் சிலர் முதலாவதை உருவிக்கொண்டு, கறுப்பு உறையோடு இரண்டாவதை மட்டும் அனுப்புகிறார்கள். உறையின் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்படி வரும் படத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம். தொழிற்சாலையில் அச்சான டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளிபோல இருக்கும், நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் எண்களும் பார்கோடும் இருக்கும். வீட்டில் எழுதிய டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுத்தோ பழுப்பாகவோ தெரியும். மேல்பக்கத்து அச்சு ஈர விரல் பட்டால் கரைகிற இங்க்ஜெட் அச்சாக இருப்பதும் உண்டு. வேறெங்கும் வராத தொகுப்பு என்று சொல்லிக்கொண்டு வருபவற்றில் இதைக் கட்டாயம் பாருங்கள். டிவிடியை ஊதிப் பெரிதாக்கி எழுதித் தந்தால் படம் மெழுகு பூசினாற்போல இருக்கும்.

ரீஜன் (டிஸ்க் எந்தெந்த நாடுகளில் ஓடும் என்ற பிரிவு) விஷயத்தில் ஒரு பாதி உண்மை சொல்லி விற்கிறார்கள். அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு இல்லை, எங்கே வாங்கியதும் எங்கேயும் ஓடும். அதை வைத்து 'இது ஆல் ரீஜன் ப்ளேயர்' என்கிறார்கள். அதே ப்ளேயரில் சாதா ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி பூட்டும், டிவிடிக்கு எண் பூட்டும் அப்படியே இருக்கும். வெளிநாட்டுப் பெட்டிக்குள் கூடவே வரும் 1080 டிஸ்க் இதனால்தான் சில வீடுகளில் ஓடாது. அதுவும் பெரும்பாலும் கூடுதல் காட்சிகள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும், எரிச்சலுக்கு வேறென்ன வேண்டும்.

ப்ளேயரும் டிஸ்க்கும் அசலாகவே இருந்தாலும் படம் 1080-க்கு இறங்கிவிடுவது உண்டு. அப்போது கடைக்காரரைத் திட்டும் முன் இணைப்பைப் பாருங்கள். டிவியின் அந்த எச்டிஎம்ஐ துளை எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு உள்ளதாக இருக்க வேண்டும். தொடக்க கால 4கே டிவிகள் சிலவற்றில் அது இல்லை, சிலவற்றில் ஒரு துளையில் மட்டும் உண்டு. நடுவில் ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) இருந்தால் அதற்கும் இதே விதிதான். ரிசீவர் பழசாக இருந்தால் இரண்டு எச்டிஎம்ஐ வெளியீடு உள்ள ப்ளேயரை எடுத்து, ஒன்றை டிவிக்குப் படத்துக்கும் மற்றொன்றை ரிசீவருக்கு ஒலிக்கும் கொடுங்கள். ரிசீவரை மாற்றச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் இந்த வழியைச் சொல்ல மாட்டார்கள்.

எச்டிஆர் வரவில்லையா? பல டிவிகளில் அந்தத் துளைக்கான உயர்தர சிக்னல் அமைப்பு ஆலையிலிருந்து அணைத்தே வருகிறது. சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் ப்ளஸ்', எல்ஜியில் 'அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்' என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். துளைக்குத் துளை தனித்தனியே போட வேண்டும்.

கேபிள் விற்பனை தனிக் கூத்து. 4கே 60 ஃப்ரேமும் எச்டிஆரும் சேர்ந்தால் நொடிக்கு 18 ஜிகாபிட் வரை போக வேண்டியிருக்கும். ஸ்கேன் செய்து சரிபார்க்கும் ஒட்டுச்சீட்டோடு வரும் 'ப்ரீமியம் ஹை ஸ்பீட்' கேபிள் அதற்குப் போதும். கேபிள் தாங்காவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது திரை விட்டு விட்டுக் கறுக்கும். நிறம் மங்குவதும் ஒலி மெலிவதும் கேபிளால் வருவதில்லை. தங்க முலாம் போட்ட கேபிளால் நிறம் கூடும் என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

'எச்டிஆர் டிவி' என்ற அட்டைக்கும் இதே கதைதான். எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்வது வேறு, அந்த வெளிச்சத்தைக் காட்டுவது வேறு. சாதா ப்ளூ-ரே 100 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவை) வெளிச்சத்தை வைத்துத் தயாரிக்கப்படுகிறது, அல்ட்ரா எச்டி டிஸ்க்குகள் பெரும்பாலும் 1000 அல்லது 4000 நிட்டுக்கு. 300 நிட்டைத் தாண்டாத டிவியில் அதைப் போட்டால் சுருக்கிச் சுருக்கி, சாதா டிஸ்க்கைவிடப் படம் இருட்டாகத் தெரியக்கூடும். 'புது டிஸ்க் இவ்வளவு மோசமா' என்ற புகார்களில் பல இதில்தான் போய் முடிகின்றன.

டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி வரவில்லை என்பவர்கள் ப்ளேயர் அமைப்பில் இரண்டை மாற்றுங்கள். ஒலி வெளியீட்டை பிசிஎம்மிலிருந்து (ப்ளேயரே ஒலியைப் பிரித்து அனுப்புவது) பிட்ஸ்ட்ரீமுக்கு (பிரிக்காமல் அப்படியே அனுப்புவது). பிறகு 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்று இருப்பதை அணையுங்கள், அது போட்டிருக்கும் வரை ப்ளேயர் ஒலியைப் பிரித்துக் கலந்துதான் அனுப்பும். ஒலி டிவி வழியாகச் சவுண்ட்பாருக்குப் போகிறது என்றால் டிஸ்க்கின் இழப்பற்ற ஒலி ஏஆர்சியில் (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி) போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும்.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் மாறுவது உங்களுக்குப் பயன்படுமா என்பதை டேப் எடுத்து அளந்துகொள்ளுங்கள். 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். உயரத்தைப் போல 3.2 மடங்கு, அதாவது 2.2 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் சராசரிக் கண்ணுக்கு 1080-க்கும் 4கேக்கும் துல்லியத்தில் வேறுபாடு தெரியாது. 65 அங்குலத்துக்கு அந்த எல்லை 2.6 மீட்டர். அதற்கு அப்பாலும் தெரிவது எச்டிஆர் மட்டும்தான், அதற்கு டிவி தகுதியாக இருக்க வேண்டும். இன்னொன்று, எல்லாப் படமும் 4கேயில் முடிக்கப்பட்டதல்ல. டிஜிட்டல் காலத்துப் படங்கள் பல 2கேயில், அதாவது 2048 × 1080-இல் முடிக்கப்பட்டு, டிஸ்க்குக்காகப் பெரிதாக்கப்படுகின்றன. பழைய 35 மிமீ பிலிமைப் புதிதாக 4கேயில் ஸ்கேன் செய்தவற்றில் கிடைக்கும் நுணுக்கம் அவற்றில் கிடைக்காது. நல்ல ப்ளூ-ரே கையில் இருக்கும்போது அத்தகைய படத்தை மறுபடி வாங்குவது எங்கள் கணக்கில் வீண்செலவு. டிவிடியாக மட்டும் இருப்பதை மாற்றுங்கள், அங்கே தாவல் பெரிது.

ப்ளேயர் வாங்குவதில் அவசரமும் உண்டு, அவசரப்படுத்துவதும் உண்டு. ஒப்போ 2018-இல் ப்ளேயர் தொழிலை விட்டது. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய மாடல் இல்லை என்றது. எல்ஜி 2024-இல் நிறுத்தியது. 'இனிமே கிடைக்காது' என்று சொல்லி நின்றுபோன மாடலைக் கூட்டிய விலைக்கு விற்பவர்கள், அதன் லேசர் பகுதி கெட்டால் உதிரி எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்வதில்லை. பானசோனிக்கும் சோனியும் இன்னும் தயாரிக்கும் மாடல்களை வாரண்டியோடு எடுங்கள்.

வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் 100 ஜிபி டிஸ்க் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை, தாவாமல், ஓட்டிப் பாருங்கள். குறைபாடுள்ள ப்ளேயர் முதல் அரைமணி நேரம் ஒழுங்காக ஓடி, பாதிக்கு மேல் அடுக்கு மாறும் இடத்தில் உறையும். உறைந்தால் முதலில் டிஸ்க்கை மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது, டிவிடியில் 0.6. விரல் ரேகையே போதும். துடைத்தும் அதே நிமிடத்தில் அதே டிஸ்க் மட்டும் நின்றால் டிஸ்க்கை மாற்றுங்கள். வேறு டிஸ்க்குகளும் நின்றால் நிற்கும் நிமிடத்தைக் குறித்துக்கொண்டு, திரையை வீடியோ எடுத்து, ப்ளேயரைத் திருப்பிக் கொடுங்கள்.

கம்ப்யூட்டரில் ஓட்டலாம் என்று ட்ரைவ் வாங்குபவர்களுக்கு ஒரு வரி: இன்டெல் ப்ராசஸரின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் அல்ட்ரா எச்டி டிஸ்க்கை முறைப்படி ஓட்ட முடியாது, 11-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் முதல் அந்த வசதியே இல்லை. ட்ரைவ் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் புதுக் கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கை இப்படி ஓட்ட வழியில்லை.