சர்க்கரை கவனிப்புக்கு போனில் இருக்கும் சாதாரண அலாரமே போதுமா?

தனி ஆப் எதுவும் இல்லாமல், போனோடு வரும் கடிகார ஆப்பே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு அலாரத்துக்கும் பெயர் வையுங்கள். வெறும் "மாத்திரை" என்று போடாமல், "மெட்ஃபார்மின் 500, சாப்பாட்டோடு" என்று முழுசாக எழுதுங்கள். தூக்கக் கலக்கத்திலும் குழப்பம் வராது.

நாளுக்கு ஒருமுறை போடும் நீண்டநேர இன்சுலினுக்கு நிலையான அலாரம் கச்சிதம். சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினுக்கு அது ஆபத்து. மணி அடித்தது என்று ஊசி போட்டுவிட்டு, சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். அங்கே அலாரம் "தட்டு தயாரா?" என்று கேட்டால் போதும். சாப்பிட்ட பின் பரிசோதிக்க டைமர்தான் சரி: முதல் வாய் வைத்ததும் 2 மணி நேரம் ஓடவிடுங்கள். சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், கூடவே 15 நிமிட டைமர், பிறகு மறுபரிசோதனை.

பெரிய குறை ஒன்று உண்டு. அலாரத்தை அணைத்தது நினைவிருக்கும், ஊசி போட்டது நினைவிருக்காது. சந்தேகத்தில் இரண்டாம் முறை போடுவது உயிருக்கே ஆபத்து. ஊசி போடும்வரை ஸ்னூஸ் மட்டும் அழுத்துங்கள், போட்டதும் அளவையும் நேரத்தையும் குறித்துவிட்டு அணையுங்கள்.

தனி ரிமைண்டர் ஆப்களில் இந்தப் பதிவு வசதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் பேட்டரி சேமிப்பு பல போன்களில் அவற்றை முடக்கிவிடுகிறது. செட்டிங்ஸில் விலக்கு கொடுத்தே ஆகவேண்டும்.