மி தெலெஃபெரிகோ: லா பாஸ், எல் ஆல்டோ கேபிள் காரில் ஏறும் முன்

பொலிவியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சுற்றுலா அயிட்டமாக நினைத்து ஒரு தடவை ஏறி, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மி தெலெஃபெரிகோ என்ற இந்தக் கேபிள் கார்தான் லா பாஸ், எல் ஆல்டோ ஊர்களின் டவுன் பஸ். வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள்தான் இதில் நிறைந்திருப்பார்கள். அப்படிப் பார்த்தால், இவ்வளவு உயரத்தில் இருக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான போக்குவரத்து வேறில்லை என்பதே எங்கள் மதிப்பீடு.

லா பாஸ் பள்ளத்தாக்குக்குள் சுமார் 3,640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் விளிம்புக்கு மேலே, சமவெளியில், சுமார் 4,150 மீட்டரில் எல் ஆல்டோ. இரண்டு ஊரிலும் சேர்த்துப் பதினாறு லட்சம் பேர் அளவில் வாழ்கிறார்கள். தினமும் காலையில் மேலே இருப்பவர்கள் கீழே வந்து, மாலையில் அரை கிலோமீட்டர் செங்குத்தாக ஏறி வீடு திரும்ப வேண்டும். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம் சொச்சம்தான். டர்போ இல்லாத என்ஜின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை இழந்து, வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் புகை கக்கும். படிக்கட்டில் நடந்தால் உள்ளூர்க்காரருக்கே மூச்சு வாங்கும். மின் மோட்டாருக்கு மூச்சுத் திணறாது. கயிறு நேர்கோட்டில் போய்விடும்.

ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறத்தின் பெயர். 2014 மே 30 அன்று சிவப்பு லைனோடு தொடங்கியது. கட்டியது ஆஸ்திரியாவின் டொப்பல்மயர் நிறுவனம். 2019இல் வெள்ளி நிற லைன் வந்ததோடு பத்து லைன், முப்பது கிலோமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒரு கேபினில் பத்துப் பேர். 12 விநாடிக்கு ஒரு கேபின் என்பதால் மணிக்கு ஒரு திசையில் 3,000 பேர். எல் ஆல்டோவை லா பாஸ் மையத்தோடு இணைக்கும் ஊதா லைன் இன்னும் வேகம்: விநாடிக்கு 6 மீட்டர், மணிக்கு 4,000 பேர்.

முதல் தடவை ஏறுகிறவர்கள் தடுமாறுவது நிலையத்தில்தான். கேபின் முழுதாக நிற்காது. உள்ளே நுழைந்ததும் அதன் பிடி ஓடும் கயிற்றிலிருந்து கழன்று, தனித் தண்டவாளத்தில் நடை வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்து வரும். அடுத்த முனையில் மறுபடி கயிற்றைக் கவ்விக்கொள்ளும். கதவு திறந்ததும் கேபின் போகும் திசையிலேயே இரண்டடி நடந்து உள்ளே கால் வையுங்கள். எதிர்த்திசையில் நின்று தயங்கினால் பின்னால் வரிசை தேங்கும். சக்கர நாற்காலியோடு வருகிறவர்களும் முதியவர்களும் ஊழியரிடம் சொன்னால் வேகத்தைக் குறைத்துத் தருவார்கள்.

கட்டணம் தொடக்கத்திலிருந்து நெடுங்காலம் ஒரு லைனுக்கு 3 பொலிவியானோ (பொலிவியாவின் நாணயம்). கார்டு வைத்திருந்தால் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு லைனுக்கும் 2. இரண்டு லைனுக்கு மேல் போவதாக இருந்தால் கார்டு வாங்கிவிடுவதே நல்லது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் கவுன்டர் வரிசையில் நிற்க நேரும். சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு தடம் போவதென்றால் இதைப் போங்கள்: எல் ஆல்டோவின் 16 தே ஹூலியோ நிலையத்தில் வெள்ளி லைன் ஏறி மிராதோர், அங்கிருந்து மஞ்சளில் லிபெர்தாதோர், பிறகு பச்சையில் இர்பாவி. மஞ்சள் 13 நிமிடம் சொச்சம், பச்சை 16 நிமிடம். மாறும் நேரமெல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் லைன் விளிம்பைத் தாண்டும் நொடியில் காலடியில் தரை சட்டென்று விலகி, பூச்சுப் பூசாத செங்கல் வீடுகள் சரிவு முழுக்க அடுக்கடுக்காகத் தெரியும். மேகமில்லாத காலையில் எதிரே 6,438 மீட்டர் இயிமானி பனிமலை. உயரத்தில் சிரமப்படுகிறவர்களுக்கும் இது உதவும். விமான நிலையம் 4,061 மீட்டரில் இருக்கிறது. இர்பாவி அதைவிட ஏறத்தாழ 800 மீட்டர் தாழ்வு. அந்தத் தென்பகுதியில் அறை எடுத்து முதல் இரண்டு இரவு தூங்கினால் தலைவலியும் வாந்தியும் குறையும். கோக்கா இலைத் தேநீர் கிடைக்கும்; அதை மட்டும் நம்பாமல், மருந்து வேண்டுமா என்று ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். படுத்தாலும் தீராத மூச்சுத்திணறல், நடையில் தள்ளாட்டம் வந்தால் உடனே கீழே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலை வரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

குறைகளும் உண்டு. விமான நிலைய வாசலில் நிலையம் கிடையாது. பெரிய பெட்டியோடு வருகிறவர்கள் டாக்சியிலேயே போய்விடலாம். வியாழன், ஞாயிறு எல் ஆல்டோ சந்தை நாள். சிவப்பு, நீல லைன்களில் வரிசை வெளிவாசல் வரை நீளும். இடி, மின்னல், பலத்த காற்று வந்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம் என்பதால் பிற்பகல் பயணத்தை இதை நம்பித் திட்டமிடாதீர்கள், மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு சேவை நேரமும் குறைவு. நிலையத்திலிருந்து உள்சந்துகளுக்கு இன்னமும் மினிபஸ்தான் கதி. தவிர, பராமரிப்புக்காக லைன்களை முறைவைத்துச் சில நாள் மூடுவார்கள். தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். விமானம் பிடிக்கும் நாளில் உங்கள் தடத்தில் எதுவும் மூடியிருக்கிறதா என்று முந்தின நாளே நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.