மிச்ச நூலில் கோடு போட்ட மஃப்ளர்: குறுக்கா, நெடுக்கா?

பின்னல் ஊசி புழங்கும் வீட்டில் மிச்ச நூல் சேர்ந்துகொண்டே இருக்கும். எறிய மனம் வராது. தனியாக ஒன்றுக்கும் காணாது. கோடு போட்ட மஃப்ளருக்கு அதுவே தோது. பலரும் முதலில் நிறப் பொருத்தம் பார்க்கிறார்கள். நான் இஞ்சு டேப்பை எடுக்கச் சொல்வேன். கோடுகள் குறுக்கே விழ வேண்டுமா, நெடுக ஓட வேண்டுமா என்பது கையிலுள்ள துண்டுகளின் நீளத்தைப் பொறுத்தது.

ஒரு வரிசை பின்ன, அந்த வரிசையின் நீளத்தைப் போல மூன்று, நான்கு மடங்கு நூல் செலவாகும். 20 செ.மீ. அகல மஃப்ளரைக் குறுக்கே பின்னினால் வரிசைக்கு 60 முதல் 80 செ.மீ. போதும், ஐந்து மீட்டர் துண்டில் ஆறு வரிசை வந்துவிடும். அதையே 150 செ.மீ. நெடுக்கில் ஓட்டினால் ஒரே வரிசைக்கு நாலரை முதல் ஆறு மீட்டர் கேட்கும். பாதி வழியில் நூல் தீர்ந்தாலும் தீரும்.

அதனால் துண்டு துக்கடாக்களுக்குக் குறுக்குப் பின்னல்தான். நடுத்தர நூல், 4 மி.மீ. ஊசி, 44 கண்ணிகள். எல்லா வரிசையும் நேர்ப் பின்னல் (ஆங்கிலத்தில் நிட்). ஓரம் சுருளாது. நிறத்தை இரட்டைப்படை வரிசைகளுக்குப் பிறகே மாற்றுங்கள். இரு நிறமும் கலந்து புள்ளி புள்ளியாகத் தெரியும் கோடு எப்போதும் பின்பக்கமே விழும். நூல் உள்ளவரை நீளும் என்பது இதன் குணம். 1974இல் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்காகக் கொடுத்த நூல் முழுவதையும் பின்னல்காரர் பெகோனியா போப் பின்னித் தீர்த்ததால்தான் அதன் நாயகன் டாம் பேக்கரின் மஃப்ளர் அவ்வளவு நீளமானது.

தொல்லை, நிறம் மாறும் இடத்தில் தொங்கும் நூல் நுனிகளில் இருக்கிறது. இவ்வகைப் பின்னலில் 10 செ.மீ.க்கு ஏறத்தாழ 40 வரிசைகள். நான்கு வரிசைக்கு ஒரு நிறம் என்றால் 150 செ.மீ.க்கு 150 கோடுகள், 300 நுனிகள். ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து உள்ளே மறைக்க வேண்டும். பின்னும் சுகமெல்லாம் அதிலேயே போய்விடும். சுருங்கும் தன்மையுள்ள அசல் கம்பளி என்றால் இரு நுனிகளை ஈரமாக்கி உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக்கில் இந்த வித்தை பலிக்காது.

நெடுக்குப் பின்னலில் இந்தத் தையல் வேலையே இல்லை. வரிசைக்கு ஒரு நிறம். இரு முனையிலும் 15 செ.மீ. விட்டு வெட்டினால் அவையே குஞ்சம். நூல் குறைந்தால் மஃப்ளர் ஒல்லியாகுமே தவிர குட்டையாகாது. ஆனால் 150 செ.மீ.க்கு வேண்டிய 330 கண்ணிகளையும் முதலிலேயே ஊசியில் ஏற்றியாக வேண்டும். நேர் ஊசி கொள்ளாது, இரு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைக்கும் நீண்ட வட்ட ஊசி வேண்டும். கடைசி வரிசையை இறுக்கி மூடினால் மஃப்ளர் வாழைப்பழம் போல வளையும். தொடங்கவும் மூடவும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்தால் தப்பிக்கலாம்.

குழாய்போல வட்டமாகப் பின்னினால் நுனிகள் உள்ளே மறையும், கதகதப்பும் இரட்டிப்பு. நூலும் அப்படியே இரட்டிப்பு. மிச்ச நூலை நம்பி இதில் இறங்க வேண்டாம்.

எந்த வழியானாலும் சாதாரணக் கம்பளியையும் அக்ரிலிக்கையும் கலக்காதீர்கள். வெந்நீர் பட்டால் கம்பளிக் கோடு மட்டும் சுருங்கி, துணி கொசுவும்.

பெரும்பாலான துண்டுகள் ஏழு மீட்டருக்கு மேல் இருந்தால் என் ஓட்டு நெடுக்குக்கே. அதற்குக் குறைந்தவற்றைக் குறுக்குப் பின்னலுக்குச் சேர்த்து வைக்கலாம். ஒரு வரிசைக்கும் காணாத நறுக்குகளைக் குஞ்சத்தோடு முடிந்துவிடுங்கள்.